மாத்தலையா, மாத்த விடலையா?

"சிபியூ மாத்தணும்" என்று வீட்டில் சொன்னேன். "பெட்டி நல்லாத்தானே இருக்கு, போன தீபாவளிக்குத்தானே துடைச்சு வச்சேன்?" என்றாள் மனைவி. நம் ஊரில் மேசைக்கடியில் உறுமிக்கொண்டிருக்கும் முழுப் பெட்டிக்கே சிபியூ என்றுதான் பெயர். உள்ளே, தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் சின்னதாக ஒரு சதுரத் தகடு இருக்கிறது, உண்மையான சிபியூ அதுதான் என்று விளக்கப் போனால் காபி ஆறிவிடும். ரிச்சி தெருக் கணினிக் கடைகளில் அதைப் புராசஸர் என்கிறார்கள். நானும் அப்படியே எழுதிக்கொள்கிறேன்.

*

என்னுடைய புராசஸர் கெட்டுப்போகவில்லை. அதுதான் எரிச்சல். 2017 தொடக்கத்தில் வாங்கிய இன்டெல் ஐ5-7400. நான்கு கோர், நான்கு த்ரெட். எட்டு வருடத்தில் எத்தனை புத்தகம் பக்கம் கட்டியிருப்பேன் என்று எண்ணவில்லை. ஒரு நாள்கூட முரண்டு பிடித்ததில்லை. 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கு வழக்கமான பாதுகாப்புத் திருத்தங்களை மைக்ரோசாஃப்ட் நிறுத்திவிட்டது. விண்டோஸ் 11 வேண்டுமென்றால் இன்டெலில் எட்டாம் தலைமுறையிலிருந்துதான் சேர்த்துக்கொள்கிறார்கள். என்னுடையது ஏழு.

அக்கா மகன் "ஒரு ரெஜிஸ்ட்ரி திருத்தம் போட்டா உள்ள போயிடும் மாமா" என்றான். போகும்தான். பதிப்பாளர்களின் கோப்புகள் இருக்கும் கணினியில் பின்கதவு வழியாகக் குடியேற எனக்கு மனசில்லை. லினக்ஸுக்கு மாறலாம் என்றால், நான் பக்கம் கட்டும் இன்டிசைன் அங்கே வராது.

*

கணக்குப் பார்த்தால் ஒன்பது மாதத்தில் தவறவிட்டிருக்கிறேன். ஐ5-7400 கடைக்கு வந்தது 2017 ஜனவரி. அந்த மார்ச்சில் ஏஎம்டியின் முதல் ரைசன் வந்தது. ஏப்ரலில் ரைசன் 5 1600: ஆறு கோர், பன்னிரண்டு த்ரெட், 219 டாலர். 2011-இல் புல்டோசர் வரிசையில் வாங்கிய அடியிலிருந்து ஏஎம்டி எழுந்திருக்கவே எழுந்திருக்காது என்று எல்லோரும் நினைத்திருந்த நேரம். வருடக்கணக்காக "வீட்டுக்கு நாலு கோர் போதும்" என்று விற்றுவந்த இன்டெல், அதே வருட அக்டோபரில் ஐ5-8400-ஐ இறக்கியது. அதில் ஆறு கோர். இப்போது விண்டோஸ் 11 கோடு கிழித்திருப்பதும் அந்த எட்டாம் தலைமுறையில்தான்.

அதற்காக அன்றைக்கே ரைசன் வாங்கியிருந்தால் தப்பித்திருப்பேன் என்றும் சொல்ல முடியாது. ரைசன் 1000 வரிசையும் விண்டோஸ் 11 பட்டியலில் இல்லை. இதைக் கண்டுபிடித்தபோது கொஞ்சம் ஆறுதலாக இருந்தது. அந்த ஆறுதல் நான்கு நாள்தான் நிலைத்தது. அதைப் பின்னால் எழுதுகிறேன்.

*

எதை வாங்குவது என்று யோசிப்பதற்கு முன், எங்கே காத்திருக்கிறேன் என்று ஒரு வாரம் குறித்துவைத்தேன். இந்தக் குறிப்பேட்டின் முதல் பக்கம் அதுதான்.

திங்கள்: 310 பக்கப் பழைய நாவல், ஸ்கேன் செய்தது, ஓசிஆர் (படத்திலிருந்து எழுத்தைப் படித்தெடுப்பது) ஓடியது. 26 நிமிடம். செவ்வாய்: பிடிஎஃப் ஏற்றுமதி மூன்று தடவை, தடவைக்கு இரண்டு நிமிடம். மூன்று தடவைக்குக் காரணம் புராசஸர் அல்ல. ஆசிரியர் நன்றியுரையில் ஒரு பெயரை விட்டுவிட்டார், பிறகு சேர்த்தார், பிறகு அந்தப் பெயருக்கு முன்னால் "முனைவர்" சேர்த்தார். புதன்: வெளி ஹார்டு டிஸ்கிலிருந்து ஸ்கேன் படங்களைத் திறக்க 40 நிமிடம், துண்டு துண்டாக. வியாழன்: மின்தடை. வெள்ளி: மறுபடி ஓசிஆர், இரண்டு புத்தகம்.

புதன்கிழமைக் காத்திருப்புக்கு உலகத்தின் விலையுயர்ந்த புராசஸரைப் போட்டாலும் பயனில்லை. அது டிஸ்கின் சுணக்கம். ஒரு எஸ்எஸ்டி வாங்கினால் தீர்ந்தது. மிச்சமிருப்பது ஓசிஆர்.

அதற்கு நான் வைத்திருப்பது டெசராக்ட். எண்பதுகளில் எச்பி நிறுவனத்தில் பிறந்து, 2005-இல் திறமூலமாக வெளியே வந்த எழுத்துணரி. தமிழும் படிக்கும். சும்மா விட்டால் ஒரே பக்கத்துக்கு நாலு த்ரெட்டைப் பிடித்துவைத்துக்கொள்ளும், ஆனால் நாலு மடங்கு வேகம் காட்டாது. ஒரு பக்கத்துக்கு ஒரு த்ரெட் என்று கட்டிப்போட்டு, ஒரே சமயத்தில் பல பக்கங்களை ஓட விடுவதுதான் தந்திரம். அப்போது கோர் எத்தனையோ அத்தனை பக்கம். இன்டிசைன் வேறு மாதிரி. அதற்குப் பெரும்பாலான நேரம் ஒரே ஒரு கோர் வேகமாக ஓடினால் போதும்.

ஆக, எனக்கு வேண்டியது நிறைய கோர், அதில் ஒன்றாவது குதிரை. மூன்றாவதாக, திரைக்குப் படம் அனுப்பும் வசதி புராசஸருக்குள்ளேயே இருக்க வேண்டும். விளையாட்டு எதுவும் இல்லாத வீட்டில் தனி கிராபிக்ஸ் கார்டு எதற்கு?

*

அக்கா மகனுக்கு வேண்டியது வேறு. அவனும் இந்த வருடம் ஒன்று அசெம்பிள் செய்யப் பணம் சேர்க்கிறான். எக்ஸ்3டி, எக்ஸ்3டி என்று ஜபிக்கிறான். ரைசன் 7 7800எக்ஸ்3டி-யில் எல்3 கேஷ் மட்டும் 96 எம்பி. எனக்கு இருந்தது 6 எம்பி.

கேஷ் என்றால் என்ன என்று அவன் எனக்கு விளக்க ஆரம்பித்தான். எனக்கு அது அப்பாவின் அச்சகத்திலிருந்து தெரியும். அப்பா கம்பாசிடர். முன்னால் சாய்வாக எழுத்துக் கேஸ். அடிக்கடி வரும் எழுத்துகள் கை எட்டும் தூரத்தில், பெரிய குழிகளில். கண் காப்பியைவிட்டு நகராது, கை தானாகப் போய் எடுக்கும். ஙகரம், ஞகரம், கிரந்தம் எல்லாம் ஓரத்தில். கேஸில் ஒரு எழுத்து தீர்ந்துபோனால் எழுந்து உள்ளறைக்குப் போய்க் கொண்டுவர வேண்டும். அப்படி எழுந்து போகும் நேரம்தான் வேலையைக் கெடுக்கும், கையின் வேகமல்ல. ராம் என்பது அந்த உள்ளறை. ஏஎம்டி செய்ததெல்லாம், கேஸின் மேலேயே இன்னொரு கேஸை அடுக்கியது. விளையாட்டுகளில் எந்தப் பொருள் எப்போது வேண்டும் என்று முன்கூட்டித் தெரியாது, உள்ளறைக்கு ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். அதனால் அங்கே இது பெரிய ஆதாயம். ஓசிஆருக்கு அவ்வளவு இல்லை.

அவன் காட்டிய ஒப்பீட்டு வரைபடங்களில் ஒரு விஷயம் உறுத்தியது. புராசஸர்களின் வித்தியாசம் தெரிய வேண்டும் என்பதற்காக இருப்பதிலேயே பெரிய கிராபிக்ஸ் கார்டைச் செருகி, திரையின் துல்லியத்தைக் குறைத்துவைத்துச் சோதிக்கிறார்கள். சோதனை முறையாக அது சரிதான். ஆனால் அவன் வாங்கப்போவது நடுத்தரக் கார்டு. அதில் அந்தக் கார்டுதான் மூச்சுவாங்கும், எந்தப் புராசஸரைப் போட்டாலும் கிட்டத்தட்ட ஒரே ஓட்டம். சொன்னேன். "நாளைக்குக் கார்டு மாத்துவேன்ல?" என்றான். நியாயம்.

*

ரிச்சி தெரு. அரசினர் தோட்டம் மெட்ரோவில் இறங்கி நடந்தேன். நரசிங்கபுரம் தெரு முனையில் பழைய லேப்டாப் சார்ஜர்கள் கொத்தாகத் தொங்குகின்றன, வாழைத்தார் மாதிரி.

முதல் கடையில் நான் வாயைத் திறப்பதற்குள் கொட்டேஷன் வந்துவிட்டது. "சார், டிசைன் வேலையா? ஐ7 போட்டுக்குங்க." ஏன் என்று கேட்டேன். "ஐ5-ஐ விட நல்லது சார்." இந்த எண்ணைப் போல மனிதர்களைக் குழப்பிய எண் வேறில்லை. 2017-இன் ஐ7-ஐ இன்றைய ஐ3 பல வேலைகளில் தாண்டிவிடும். தலைமுறை எண்ணைச் சொல்லாமல் ஐ5, ஐ7 என்பது, ஊர் பெயரைச் சொல்லாமல் "மூன்றாவது தெரு" என்று விலாசம் கொடுப்பது மாதிரி.

இரண்டாவது கடைக்காரர் பேசத் தெரிந்தவர். பாக்ஸ் பீஸா, ட்ரே பீஸா என்று முதலிலேயே கேட்டார். பெட்டியோடு வருவதற்கு மூன்று வருடம் கம்பெனி வாரண்டி, பலவற்றில் கூடவே கூலர். ட்ரே பீஸுக்குக் கடைக்காரர் வாய்ச்சொல்லே வாரண்டி. வால் எழுத்துகளையும் அவரே சொன்னார்: இன்டெலில் எஃப் இருந்தால் உள்ளே கிராபிக்ஸ் கிடையாது. "எஃப் விலை கம்மின்னு வாங்கிட்டுப் போவாங்க சார், மறுநாள் டிஸ்ப்ளே வரலன்னு தூக்கிட்டு வருவாங்க." ஏஎம்டியிலோ தலைகீழ். பழைய 5000 வரிசையில் ஜி இருந்தால்தான் உள்ளே கிராபிக்ஸ். 7000 வரிசையில் எஃப் இல்லாத எல்லாவற்றிலும் சின்னதாக ஒன்று இருக்கும்.

கடைசியாக அவர் சொன்னதுதான் என் திட்டத்தைக் கவிழ்த்தது. "புராசஸரை விடுங்க சார். ராம் விலை கேட்டீங்களா?"

*

ராம் விலை. 2025 கடைசியில் செயற்கை நுண்ணறிவு டேட்டா சென்டர்கள் நினைவகத்தை அள்ளிக்கொண்டு போக, டிடிஆர்5 விலை சில மாதங்களில் இரண்டு மடங்குக்கு மேல் போய்விட்டது. டிசம்பரில் மைக்ரான் நிறுவனம் சில்லறை வாடிக்கையாளருக்கான குரூஷியல் வியாபாரத்தையே முடித்துக்கொள்வதாக அறிவித்தது. எங்கோ ஒரு டேட்டா சென்டருக்கும் சிந்தாதிரிப்பேட்டைக் கடையில் நிற்கும் எனக்கும் இப்படி ஒரு சொந்தம்.

நான் அதுவரை ரைசன் 5 7600 என்று மனசுக்குள் முடிவுகட்டியிருந்தேன். ஆறு கோர், 65 வாட், பெட்டிக்குள் கூலர், உள்ளே சின்ன கிராபிக்ஸ். குறை சொல்ல ஒன்றுமில்லாத பண்டம். ஆனால் அது உட்காரும் ஏஎம்5 சாக்கெட்டில் டிடிஆர்5 மட்டும்தான் ஏறும். என் பழைய பெட்டியில் இருப்பதோ டிடிஆர்4, எட்டு எட்டாக 16 ஜிபி, நல்ல நிலையில்.

டிடிஆர்4-ஐ ஏற்பவற்றில் எனக்கு ஒத்துவந்தவை இரண்டு. ஒன்று ஏஎம்டியின் பழைய ஏஎம்4. இன்னொன்று இன்டெலின் எல்ஜிஏ1700. அந்த சாக்கெட்டுக்கு டிடிஆர்4 போர்டும் உண்டு, டிடிஆர்5 போர்டும் உண்டு, பார்த்து வாங்க வேண்டும். ஏஎம்4-இல் ரைசன் 7 5700ஜி: எட்டு கோர், பதினாறு த்ரெட், உள்ளே கிராபிக்ஸ். எல்ஜிஏ1700-இல் ஐ5-14400: ஆறு பெரிய கோர், நாலு சின்னக் கோர், கூட்டினால் பத்து கோர், பதினாறு த்ரெட். ஒற்றைக் கோர் ஓட்டத்தில் 14400 முன்னால். 5700ஜி-யில் கேஷும், கூடப் பிறந்த 5700எக்ஸில் இருப்பதில் பாதிதான்.

*

சின்னக் கோர்களைப் பற்றி. முதலில் ஏமாற்று வேலை என்று நினைத்தேன். அச்சகத்தில் பையன்கள் இருப்பார்கள். கம்போஸ் செய்யத் தெரியாது, ஆனால் அச்சடித்து முடித்த எழுத்துகளைப் பிரித்துக் கேஸில் போடுவார்கள். அவர்களையும் "ஆள்" கணக்கில் சேர்த்துச் சொன்னால் முதலாளிக்குப் பெருமை. ஆனால் வேலையும் நடந்ததே. ஓசிஆர் போல ஒன்றையொன்று எதிர்பார்க்காத நூறு துண்டு வேலைகளுக்குப் பையன்கள் போதும்.

*

ஞாயிறு மதியம் அக்கா வீட்டில் சாப்பாடு. அவனிடம் 14400 பற்றிச் சொன்னேன். முகம் சுருங்கியது.

"செத்த சாக்கெட் மாமா. 2024-லயே இன்டெல் அடுத்த சாக்கெட்டுக்குப் போயாச்சு. ஏஎம்5-ன்னா 2027 தாண்டியும் புது சிப் வரும்னு சொல்லியிருக்காங்க."

"நான் எட்டு வருஷத்துல ஒரு தடவகூட புராசஸர் மாத்தலடா. எனக்கு எதுக்கு அது?"

"நீங்க மாத்தலையா, மாத்த விடலையா?"

ரசத்தை ஊற்றிக்கொண்டிருந்த அக்கா நிமிர்ந்து பார்த்தாள். அவன் விடவில்லை. என் பழைய போர்டின் சாக்கெட் 1151. எட்டாம் தலைமுறைக்கும் பெயரளவில் அதே 1151. ஆனால் இன்டெல் புதிய சிப்செட் கட்டாயம் என்று சொல்லிவிட்டதால் என் போர்டில் அது ஓடாது. அதே 2017-இல் ஏஎம்4 போர்டு வாங்கியவர்களுக்கோ, 2022-இல் பயாஸ் திருத்தம் வந்து 5000 வரிசை வரை வழி திறந்தது. அவர்கள் இன்றைக்கு ஒரு 5600-ஐ மட்டும் வாங்கி, அதே போர்டு, அதே ராமில் உட்காரவைத்தால் விண்டோஸ் 11 வந்துவிடும். எனக்குக் கிடைத்த அந்த நான்கு நாள் ஆறுதல் அங்கே போயிற்று.

பழக்கம் என்று நான் பெருமையாகச் சொன்னது, கதவு பூட்டியிருந்ததால் வெளியே போகாமல் இருந்தவனின் பழக்கம். பதில் சொல்லாமல் அப்பளத்தை நொறுக்கினேன்.

ஆனாலும், இப்போது ஏஎம்5 வாங்கினால் ராமுக்கே புராசஸர் விலையைவிட அதிகம் கொடுக்க வேண்டும். எதிர்காலக் கதவுக்கு இன்றைக்கே வாடகை.

*

இந்த இரண்டு கம்பெனிகளும் ஏன் ஒரே மாதிரிச் சில்லுகளைச் செய்கின்றன என்பது தனிக் கதை. 1981-இல் ஐபிஎம் தன் பிசிக்கு இன்டெலின் 8088-ஐ எடுத்தது. ஒரே ஆளை நம்பி இருக்க ஐபிஎம்முக்கு விருப்பமில்லை, இரண்டாவதாக ஒருவரும் அதைச் செய்ய வேண்டும் என்றது. அப்படித்தான் 1982 ஒப்பந்தத்தில் ஏஎம்டி உள்ளே வந்தது. 386 வந்ததும் இன்டெல் கொடுக்க மறுக்க, வருடக்கணக்கில் வழக்கு. எண்ணுக்கு வணிக முத்திரை கிடைக்காது என்று ஆனதால்தான் 586 என்று வர வேண்டியது 1993-இல் பென்டியம் என்று வந்தது.

வேடிக்கை இதற்குப் பிறகு. பிசிக்களை 32 பிட்டிலிருந்து 64-க்குக் கொண்டுபோன வழியை வகுத்தது ஏஎம்டி. 2003-இல் சில்லாக வந்தது. இன்டெல் பிறகு அதையே ஏற்றது. அதனால் இன்றும் உபுண்டுவை இறக்கினால் கோப்பின் பெயரில் ஏஎம்டி64 என்று இருக்கும், இன்டெல் கணினிக்கும் அதுதான். "தப்பான கோப்பு, என்னோடது இன்டெல்" என்று பதறி ஒரு நண்பர் இரவு பதினொரு மணிக்கு எனக்குப் போன் செய்திருக்கிறார்.

*

பயம் ஒன்று இருந்தது. இன்டெலின் 13, 14-ஆம் தலைமுறைச் சில்லுகள் சில, தேவைக்கு மேல் மின்னழுத்தம் வாங்கி நாளடைவில் தேய்ந்துபோயின. 2024 ஆகஸ்டிலிருந்து மைக்ரோகோடு திருத்தங்கள் வந்தன, வாரண்டியையும் மூன்றிலிருந்து ஐந்து வருடமாக்கினார்கள். நீட்டித்த பட்டியல் ஐ5 வரிசையில் 13600கே, 14600கே ஆகியவற்றில் தொடங்கி மேலே போகிறது. 14400 அதில் இல்லை. ஏஎம்டி விசிறிகள் இதைச் சொல்லிச் சிரிக்கும்போது 2023 ஏப்ரலை மறந்துவிடுகிறார்கள். எக்ஸ்3டி சில்லுகள் சில சாக்கெட்டோடு கருகி, பயாஸில் ஒரு மின்னழுத்தத்தை 1.3 வோல்ட்டுக்குள் கட்டிய பிறகே அடங்கியது. இரண்டு பேரும் நெருப்போடு விளையாடுகிறவர்கள்தான். எது வாங்கினாலும் முதல் வேலை பயாஸைப் புதுப்பிப்பது.

*

"கரண்ட் பில் ஏறுமா?" இதுதான் வீட்டில் வந்த ஒரே கேள்வி. இரண்டு மாதத்துக்கு 500 யூனிட்டைத் தாண்டினால் கணக்கே மாறிவிடும் ஊரில் நியாயமான கேள்வி.

பழைய 7400 அதிகபட்சம் 65 வாட். 14400 முட்டிக்கொண்டு ஓடினால் 148 வரை போகும். பார்த்தால் இரண்டு மடங்குக்கு மேல். ஆனால் அதே வேலையை மூன்றில் ஒரு பங்கு நேரத்தில் முடித்தால்? 26 நிமிடம் 65 வாட் என்றால் 28 வாட்-மணி. ஒன்பது நிமிடம் 148 என்றால் 22. குறைகிறது. கத்திரி வெயிலில் அறையே அடுப்பாக இருக்கும்போது பெட்டியோடு வந்த சின்ன கூலர் தாங்குமா என்பதுதான் கவலை. பயாஸில் வரம்பை இறக்கிக் கட்டிவிடலாம். கொஞ்சம் மெதுவாகும், அவ்வளவுதான். இதை மனைவியிடம் விளக்கவில்லை. "ஏறாது" என்று மட்டும் சொன்னேன்.

*

வாங்கியாயிற்று. 14400 பாக்ஸ் பீஸ், பி760 டிடிஆர்4 போர்டு, எஸ்எஸ்டி, புது எஸ்எம்பிஎஸ். கேபினட் பழையதே.

அக்கா மகன்தான் அசெம்பிள் செய்தான். கட்சி மாறியவனுக்குச் சேவை செய்வது போன்ற முகம். போர்டில் 1700 முள்கள், முடியைவிட மெல்லிசு. "ஒண்ணு வளைஞ்சாலும் போர்டு வாரண்டி போச்சு மாமா, மூச்சு விடாதீங்க." ஏஎம்4-இல் முள்கள் புராசஸரின் அடியில் இருக்கும். கூலரைப் பிடுங்கும்போது பேஸ்ட் ஒட்டிக்கொண்டு புராசஸரும் சாக்கெட்டிலிருந்து பிய்ந்து வருமாம். அவனுக்கு ஒரு தடவை வந்திருக்கிறது. வளைந்த முள்ளை மைக்ரோ டிப் பென்சில் முனையால் நிமிர்த்தியிருக்கிறான். இதை அவன் அம்மாவிடம் சொல்லக் கூடாதாம்.

சுவிட்சைப் போட்டோம். ஃபேன் சுற்றியது. திரை கறுப்பு. எடுத்து, மாட்டி, மறுபடி கறுப்பு. கடைசியில் போர்டுதான் பழைய சரக்கு, 14-ஆம் தலைமுறை வருவதற்கு முன்னால் தயாரானது, அதன் பயாஸுக்கு இந்தப் புராசஸர் யாரென்றே தெரியவில்லை என்று புரிந்தது. நல்ல வேளையாகப் புராசஸரின் உதவியில்லாமலே யூஎஸ்பி குச்சியிலிருந்து பயாஸ் ஏற்றும் பொத்தான் போர்டின் பின்னால் இருந்தது. ஆறு நிமிடம் ஒரு விளக்கு மினுக்கியது. நாங்கள் இருவரும் அதையே பார்த்துக்கொண்டு, பேசாமல், முறுக்கு தின்றோம்.

*

அதே 310 பக்க நாவல். எட்டு நிமிடம் சொச்சம். ரகரத்தையும் துணைக்காலையும் டெசராக்ட் முன்பு குழப்பிய அதே இடங்களில் இப்போதும் குழப்பியிருக்கிறது. திருத்த உட்கார்ந்தால் மூன்று நாள் ஆகும், 7400 காலத்திலும் அதே மூன்று நாள்.

*

பழைய போர்டையும் 7400-ஐயும் என்ன செய்வது? அக்காவுக்குக் கொடுக்கலாம் என்றான் அக்கா மகன். உபுண்டு போட்டால் யூடியூப், பாட்டு, பென்ஷன் தளம் எல்லாவற்றுக்கும் தாராளம். அட்டைப்பெட்டி ஒன்றில் போர்டைப் படுக்கவைத்து, ஏஎம்டி64 என்று பெயர் போட்ட கோப்பை இறக்கி, யூஎஸ்பி குச்சியில் ஏற்றியும் விட்டான். அப்போதுதான் இரண்டு பேருக்கும் உறைத்தது. அதன் ராம் இரண்டும் என் புதுப் பெட்டியில் இருக்கின்றன.

போன சனிக்கிழமை ரிச்சி தெருவில் நாலு செகண்ட்ஹேண்ட் கடை ஏறி இறங்கினான். ஒரே ஒரு 4 ஜிபி குச்சி, டிடிஆர்4, போதும். கடைக்காரர் சொன்ன விலையைக் கேட்டுவிட்டு எனக்குப் போன் செய்தான்: "மாமா, அந்த விலைக்கு புராசஸர் ரெண்டு தரேங்கறார்."

போர்டு பரணில் இருக்கிறது, மேலே தினத்தந்தி மூடி.